கண்விழிப்பு ஆராதனையும் பழைய திருநாள் பிரசங்கங்களும்: எங்கள் பக்கம் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

எனக்குப் பிறந்த வீடு சோமனூர்ப் பக்கம், கத்தோலிக்கம். புகுந்த வீடு ஈரோடு, சிஎஸ்ஐ என்கிற தென்னிந்தியத் திருச்சபை. அங்கே திருவிழிப்பு, மறையுரை, ஃபாதர். இங்கே கண்விழிப்பு ஜெபம், பிரசங்கம், ஐயா. ரெண்டு வீட்டுப் பேச்சும் எனக்கு வரும் என்பதால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிலிருந்து நாத்தனார் வரை எல்லாரும் என்னிடம்தான் கேட்கிறார்கள், அதுவும் வாட்ஸ்அப்பில் ராத்திரி பத்து மணிக்கு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிட்டேன்.

கண்விழிப்பு ஜெபம், திருவிழிப்பு, வாட்ச் நைட், ஆல் நைட் பிரேயர் எல்லாம் ஒன்றுதானுங்களா?

வேர் ஒன்றுதான். லத்தீனில் ‘விகிலியா’ என்றால் காவல். ரோமப் படையில் ராத்திரியை நாலாகப் பிரித்து ஆள் மாற்றி ஆள் மாற்றிக் காவல் நிற்பார்கள், அதில் ஒவ்வொரு பங்குக்கும் அந்தப் பெயர். நம் கணக்கில் சொன்னால் சாமம். நமக்கும் ராத்திரிக்கு நாலு சாமம்தானே, ஒன்று மூன்று மணி நேரம். அதனால்தான் நம் பைபிளில் இயேசு கடல்மேல் நடந்து வந்தது ‘இரவின் நாலாம் ஜாமத்திலே’ என்று எந்த விளக்கமும் தேவைப்படாமல் அழகாக உட்கார்ந்திருக்கிறது. விடிகாலை மூன்றுக்கு மேல் என்று அர்த்தம். மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவர்களுக்கு அந்த நேரம் உடம்பு என்ன பாடுபடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கிளைகள்தான் வேறு வேறு. ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி நடப்பது பாஸ்கா திருவிழிப்பு, இதுதான் எல்லாவற்றுக்கும் மூத்தது. டிசம்பர் 31 ராத்திரி நடப்பது மெதடிஸ்டுகள் வழியாகப் பரவியது, அதைக் கீழே சொல்கிறேன். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடிய விடியப் பாடி ஜெபிக்கிறார்களே, அது இந்த மூன்றிலும் இளையது.

பைபிளில் இருக்கிறதா, இல்லை பின்னால் சேர்த்ததா?

இருக்கிறது. எகிப்தை விட்டு இஸ்ரவேலர் கிளம்பின ராத்திரியைக் கர்த்தருக்கென்று ஆசரிக்கிற ராத்திரி என்று யாத்திராகமம் 12 சொல்கிறது. ‘இராச்சாமங்களில் உம்மைத் தியானிக்கிறேன்’ என்று சங்கீதம் 63. பவுலும் சீலாவும் ஜெயிலில் நடுராத்திரியில் பாடினார்கள். பவுல் தான் பட்ட பாடுகளைப் பட்டியல் போடும்போது ‘அநேகமுறை கண்விழிப்புகளிலும்’ என்று எழுதுகிறார், ஆக அந்தச் சொல்லே வேதத்திலிருந்து வந்ததுதான்.

சரி, ஏன் ராத்திரி? பகலில் ஜெபித்தால் ஆகாதா?

‘ஒளிந்து ஒளிந்து கும்பிட வேண்டிய காலம், அதனால் ராத்திரி’ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அது பாதிதான். மற்ற காரணங்கள் சாதாரணமானவை. யூதக் கணக்கில் நாள் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடுகிறது, அதனால் திருநாள் என்றாலே அதன் முதல் பாகம் ராத்திரிதான். அடுத்தது, ஞாயிறு அன்றைக்கு லீவு கிடையாது. கி.பி. 321-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் சட்டம் போடுகிற வரைக்கும் அது வேலை நாள். அடிமையும் கூலிக்காரரும் விடியுமுன் கூடினால்தான் உண்டு. சுமார் 112-இல் பிளினி என்கிற ரோம ஆளுநர் தன் பேரரசருக்கு எழுதின கடிதத்தில், இந்தக் கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாட்டுப் பாடுகிறார்கள் என்று புகார் போல எழுதியிருக்கிறார். நம் ஊரில் ஈஸ்டர் அன்று நாலரை மணிக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு ஓடுகிறோமே, அந்த ஓட்டம் அவ்வளவு பழையது.

அந்தக் காலத்தில் ராத்திரி முழுக்க என்னதான் செய்தார்கள்? அவ்வளவு நேரம் ஜெபிக்க முடியுமா?

நான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தது இதுதான். விடிய விடியச் சத்தமாக ஜெபிப்பதுதான் கண்விழிப்பு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பழைய திருவிழிப்பில் பெரும்பங்கு கேட்பதுதான். ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். படைப்பு, ஆபிரகாம் மகனைப் பலியிடப் போனது, செங்கடல் பிளந்தது, தீர்க்கதரிசிகள் என்று நீளும், இடையிடையே சங்கீதம், விளக்கு, அப்புறம் விடியும் நேரத்தை ஒட்டி ஞானஸ்நானமும் நற்கருணையும்.

எகேரியா என்று ஒரு பெண் சுமார் 381-லிருந்து 384 வரை எருசலேமில் இருந்து, பார்த்ததை எல்லாம் தன் ஊர்ச் சகோதரிகளுக்குக் கடிதமாக எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி இத்தாலியில் அரெட்சோ என்ற ஊரில் 1884-இல்தான் கிடைத்தது. பெரிய வியாழன் ராத்திரி ஒலிவமலையில் கூடி, பாட்டும் வாசிப்புமாக இருந்து, சேவல் கூவும் நேரத்தில் கெத்சமனேக்கு இறங்குவார்களாம். சின்னப் பிள்ளைகள்கூட நடந்தே வருமாம். கூட்டம் பெரிது, எல்லாரும் பட்டினியால் களைத்துப் போயிருக்கிறார்கள், அதனால் மெதுவாக மெதுவாக இறங்க வேண்டியிருக்கிறது என்று எழுதுகிறார். பெரிய வெள்ளி ராத்திரி விழித்திருக்க யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, முடிந்தவர்கள் இருக்கிறார்கள், முடியாதவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள் என்று அவரே சொல்லிவிடுகிறார்.

இன்னொரு சங்கதி. எருசலேம் ஆயர், அதாவது பிஷப், கிரேக்கத்தில்தான் பேசுவார், பக்கத்தில் ஒருவர் நின்று சீரிய மொழியில் சொல்லுவார். லத்தீன் மட்டும் தெரிந்தவர்களுக்கு, ரெண்டும் தெரிந்த சகோதர சகோதரிகள் சொல்லிக் கொடுப்பார்கள். கன்வென்ஷன் மேடையில் வெளிநாட்டுப் பிரசங்கியார் ஒரு வரி, நம்மவர் ஒரு வரி என்று போவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். பதினாறு நூற்றாண்டுக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது, இனிமேல் சிரிக்க மாட்டேன்.

இது சிவராத்திரியைப் பார்த்துச் செய்ததா?

இல்லை. கிறிஸ்தவப் பழக்கம் பாஸ்கா ராத்திரியிலிருந்து வந்தது, ரெண்டாம் நூற்றாண்டிலேயே மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள ஊர்களில் நிலைத்துவிட்டது. சிவராத்திரி தன் வழியில் தனியாக வந்தது. ஆனால் கொங்கு நாட்டு ஆட்களுக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்பது என்பது யாரும் சொல்லித் தர வேண்டிய விஷயம் கிடையாது. உடுக்கை அடித்து அண்ணன்மார் கதை பாடினால் பல ராத்திரிகள் தொடர்ந்து கேட்கிற ஊர் இது. பொன்னரும் சங்கரும் சாகப் போகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் அந்த இடம் வரும்போது அழுவார்கள். முடிவு தெரிந்த கதையை விடிய விடியக் கேட்பது எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு என் அப்புச்சி, அம்மாவின் அப்பா, இதைத்தான் பதிலாகச் சொல்வார். அவர் தறிக்காரர், கோயில் உபதேசியாரோடு சேர்ந்து பாஸ்கா ராத்திரியில் வாசகம் வாசிப்பார். செங்கடல் கதையை மட்டும் யாருக்கும் விட்டுத் தர மாட்டார்.

தூக்கம் வந்தால் பாவமா?

இதற்கு வேதமே பதில் சொல்லியிருக்கிறது. துரோவா பட்டணத்தில் மேல்வீட்டில் பவுல் நடுராத்திரி வரை பேசிக்கொண்டே போனார், நிறைய விளக்குகள் வேறு எரிந்துகொண்டிருந்தன. ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி விழுந்தான், மூன்றாம் மாடியிலிருந்து கீழே. தூக்கிப் பார்த்தால் உயிர் இல்லை. பவுல் இறங்கிப் போய் அவனை அணைத்துக்கொண்டு, கலங்காதீர்கள், உயிர் இருக்கிறது என்றார். ‘ஏண்டா தூங்கினாய்’ என்று ஒரு வார்த்தை திட்டினதாக இல்லை. அதற்கப்புறம் மேலே ஏறிப் போய் அப்பம் சாப்பிட்டுவிட்டு விடியும் வரைக்கும் மறுபடி பேசினாராம்! பேச்சு நீண்டதும் உண்மை என்பதை லூக்கா மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்.

பெண்கள் ராத்திரியில் போகலாமா? எங்கள் மாமியார் விடமாட்டேன் என்கிறார்.

உங்கள் மாமியாருக்கு முன்னாலேயே இந்தச் சண்டை நடந்திருக்கிறது. சுமார் 200-இல் வட ஆப்பிரிக்காவில் தெர்த்துல்லியன் என்கிற கிறிஸ்தவ எழுத்தாளர் கேட்கிறார்: கிறிஸ்தவர் அல்லாத கணவன், ஈஸ்டருக்கு மனைவி ராத்திரி முழுக்க வெளியே தங்குவதைப் பொறுத்துக்கொள்வானா? பெண்கள் போனார்கள் என்பதற்கு இதுவே சாட்சி. நாலாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஸ்பெயினில் எல்விரா என்ற இடத்தில் கூடின ஆயர்கள், பெண்கள் கல்லறைத் தோட்டத்தில் ராத்திரி விழித்திருக்கக் கூடாது என்று விதி போட்டார்கள். ஜெபம் என்று சொல்லிக்கொண்டு வேறு காரியங்கள் நடக்கின்றன என்பது அவர்கள் காரணம்.

அப்புறம் விஜிலான்சியுஸ் என்று ஒரு குருவானவர், ஈஸ்டரைத் தவிர வேறு கண்விழிப்பே வேண்டாம், வேதசாட்சிகளின் கல்லறையில் நடப்பதெல்லாம் நன்றாக இல்லை என்று எழுதினார். அந்தப் பெயருக்கே ‘விழித்திருப்பவர்’ என்றுதான் அர்த்தம். பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் 406-இல் பதில் எழுதி, இவருக்கு ‘தூங்குமூஞ்சி’ என்கிற மாதிரி பெயரைத் திருப்பி வைத்துக் கிழி கிழி என்று கிழித்தார். ஆனால் அதே ஜெரோம், லேட்டா என்ற தாய்க்கு எழுதின கடிதத்தில், கண்விழிப்புக்குப் போகும்போது மகள் உங்களை விட்டு ஒரு விரற்கடைகூட நகரக் கூடாது என்று புத்தி சொல்கிறார். ஊருக்கு ஒன்று, தெரிந்த வீட்டுக்கு ஒன்று. எகேரியாவோ ஒரு பெண், கண்டம் தாண்டிப் போய் அத்தனை ராத்திரியும் விழித்திருந்து எழுதியும் வைத்தார். இதை மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள். கூட ஒரு ஆள் துணைக்கு வரட்டும், அது எந்தக் காலத்திலும் நல்லதுதான்.

அந்தப் பழைய திருநாள் பிரசங்கங்கள் எப்படி இருக்கும்? இன்றைக்கும் கிடைக்கிறதா?

நிறையவே கிடைக்கிறது, ஏனென்றால் பேசப் பேசவே சுருக்கெழுத்தில் எழுதிக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள்.

முதலில் மெலித்தோ. இன்றைய துருக்கியில் இருக்கும் சர்தை நகரத்து ஆயர், ரெண்டாம் நூற்றாண்டு. வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிற அதே சர்தை. பாஸ்காவைப் பற்றி அவர் பேசினது பல நூற்றாண்டுகள் காணாமல் போய், பாப்பிரஸ் ஏடுகளிலிருந்து 1940-இல்தான் அச்சுக்கு வந்தது. யாத்திராகமம் இப்போதுதான் வாசிக்கப்பட்டது என்று தொடங்கும். வாசிப்பு முதலில், பேச்சு அதன் தோளில் ஏறி வருகிறது. எதுகை மோனை மாதிரி அடுக்கடுக்காகப் போகும், வாய்விட்டு வாசித்தால்தான் ருசி. ஆனால் பின்பாதியில் யூதர்கள்மேல் பழியை அள்ளிக் கொட்டுகிறார். அந்த மாதிரிப் பேச்சு பின்னால் எத்தனை உயிர்களுக்கு வினையாக வந்தது என்று தெரிந்துகொண்டு வாசிக்க வேண்டும். கிறிசோஸ்தோமிடமும் இந்தக் குறை உண்டு, 386–87-இல் அந்தியோக்கியாவில் அவர் பேசியவை இன்னும் கடுமை.

அந்தக் கிறிசோஸ்தோம்தான் ‘பொன்வாய்’ யோவான். கான்ஸ்டான்டிநோபிளின் ஆயரான பிறகு ஒருநாள், கோயிலில் கைதட்டாதீர்கள், இது நாடகக் கொட்டகை இல்லை என்று பிரசங்கித்தார். அதற்கும் கைதட்டினார்கள். ராத்திரிப் பவனிகளை அவர் ஊக்குவித்த கதையும் இருக்கிறது. கிறிஸ்துவைப் பிதாவுக்குச் சமம் என்று ஏற்காத ஆரியுஸ் கட்சிக்காரர்கள் ராத்திரியில் தெருவில் பாடிக்கொண்டு போனதால், போட்டிக்கு இவர்களும் வெள்ளிச் சிலுவை, மெழுகுவர்த்தி என்று கிளம்பினார்கள், செலவு மகாராணி யூதோக்சியாள் கணக்கில். கடைசியில் அடிதடியில் முடிந்தது. பிறகு அதே அரண்மனையோடு அவருக்கு முறிந்துபோய், 404 ஈஸ்டர் திருவிழிப்பில் ஞானஸ்நானம் நடந்துகொண்டிருந்தபோதே படைவீரர்கள் புகுந்து அடித்தார்கள், தொட்டித் தண்ணீர் ரத்தமானது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தேர்பவனி எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்பதற்கு நம் ஊரில் நடக்கிற பஞ்சாயத்து இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

எனக்குப் பிடித்தவர் அகுஸ்தினார். ஈஸ்டர் ராத்திரியைத் ‘திருவிழிப்புகளுக்கெல்லாம் தாய்’ என்று சொன்னவர் அவர்தான். வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்து ஆயர். அவர் உட்கார்ந்து பேசுவார், சனங்கள் நின்று கேட்பார்கள். சாதாரண நாளில் நீட்டி முழக்குகிறவர்தான். ஆனால் அந்தத் திருவிழிப்பில் பேசினதாகக் கிடைக்கிற பல பிரசங்கங்கள் ரொம்பச் சின்னவை, சில ஒரு பக்கம்கூட வராது. வாசகங்கள் ராத்திரி முழுக்கப் பேசிவிட்டன, இதற்குமேல் நான் எதற்கு என்கிற நிதானம். கடைசிக் காலத்தில் ஒரு ஈஸ்டர் காலையில், நடுக்கம் வந்த ஒரு வாலிபன் கோயிலிலேயே குணமாகி, சனங்கள் கூச்சல் போட, அகுஸ்தினார் சில வரிகள் பேசிவிட்டு, களைப்பாக இருக்கிறது மன்னித்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி சொல்லி முடித்துவிட்டார். அதுவும் பிரசங்க வரிசையில் எண் போட்டு இருக்கிறது!

உரோமையில் போப் பெரிய லியோ, ஐந்தாம் நூற்றாண்டு. பருவம் மாறும்போது இருக்கிற உபவாசங்களுக்கு அவர் பேசினவை சில, அறிவிப்பு வாசிக்கிற மாதிரி முடியும்: புதனும் வெள்ளியும் உபவாசம் இருப்போம், சனிக்கிழமை பேதுருவோடு விழித்திருப்போம். அவ்வளவுதான்.

பாஸ்கா திருவிழிப்பு ஒரு காலத்தில் பகலில் நடந்தது என்கிறார்களே?

நடந்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் இடைக்காலத்தில் நேரம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து, கடைசியில் சனிக்கிழமை காலைக்கே வந்துவிட்டது. என் அம்மிச்சி, அம்மாவின் அம்மா, சிறுபிள்ளையாக இருந்தபோது அப்படித்தான். வெளியே வெயில் சுள்ளென்று அடிக்கும், உள்ளே பெரிய மெழுகுவர்த்தி ஏற்றி ஃபாதர் லத்தீனில் நீளமாகப் பாடுவாராம். அந்தப் பாட்டில் ‘இதுவே அந்த இரவு’ என்று திரும்பத் திரும்ப வரும் என்று நான் பின்னால் அர்த்தம் சொன்னபோது, ‘பட்டப்பகல்லயா?’ என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். போப் 12-ஆம் பத்திநாதர் 1951-இல் சோதனையாக ராத்திரிக்கு மாற்றி, 1955-இல் ஆணை போட்டு, 1956-லிருந்து எங்கும் ராத்திரி ஆனது. இப்போது பழைய ஏற்பாட்டு வாசகம் ஏழு, புதிய ஏற்பாடு ரெண்டு. பழைய ஏற்பாட்டில் குறைத்துக்கொள்ள அனுமதி உண்டு, ஆனால் செங்கடல் வாசகத்தை மட்டும் விடவே கூடாது. அப்புச்சி பிடிவாதம் சட்டப்படி சரி.

டிசம்பர் 31 ஆராதனை எங்கிருந்து வந்தது?

மொராவியர் என்கிற ஜெர்மானியச் சபையாரிடம் 1730-களில் இருந்தது. இங்கிலாந்தில் கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், முன்பு சனிக்கிழமை ராத்திரி சாராயக் கடையில் இருந்தவர்கள், மனந்திரும்பின பிறகு அதே நேரத்தில் விடிய விடியக் கூடி ஜெபித்தார்கள். சிலர் அதை நிறுத்தச் சொல்ல, மெதடிஸ்ட் சபையைத் தொடங்கின ஜான் வெஸ்லி நிறுத்தாமல் 1742-இல் லண்டனிலும் தொடங்கினார். மாதம் ஒருமுறை, பௌர்ணமியை ஒட்டின வெள்ளிக்கிழமை. ஏன் பௌர்ணமி? வீடு திரும்ப வெளிச்சம் வேண்டுமே! பிறகு அது வருடக் கடைசி ராத்திரியில் போய் நின்றது. அமெரிக்காவில் 1862 டிசம்பர் 31 ராத்திரி கறுப்பின மக்கள் கோயில்களில் விழித்திருந்தார்கள், விடிந்தால் அடிமை விடுதலைப் பிரகடனம். ஒரு ராத்திரிக்கு அதைவிடக் கனம் இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

நம் பக்கம் கரூர், தாராபுரத்தில் வெஸ்லியன் மிஷனும், கோவை, ஈரோட்டில் லண்டன் மிஷனும் வேலை செய்து, எல்லாம் 1947-இல் சிஎஸ்ஐ ஆகச் சேர்ந்தது. பன்னிரண்டு மணிக்கு மணி அடித்து, முழங்காலில் நின்று, வாக்குத்தத்த வசன அட்டை வாங்காமல் எங்கள் வீட்டில் யாருக்கும் புது வருடம் பிறக்காது.

ராத்திரி மைக் போடலாமா?

கோயிலுக்குள் கேட்கிற அளவுக்குப் பரவாயில்லை. வெளியே கட்டுகிற ஒலிபெருக்கிக்கு, 2000-இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை தடை. பண்டிகை நாட்களுக்கு மாநில அரசு வருடத்தில் அதிகபட்சம் 15 நாள், அதுவும் நடுராத்திரி 12 வரைதான் தளர்த்த முடியும். ஒரு வருடம் நாங்கள் போயிருந்த ஒரு கோயிலில் ரெண்டு மணி வரை வெளி ஸ்பீக்கர் ஓடியது. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பெண், ஆறு மாதக் குழந்தை. மறுநாள் கோயிலுக்கு வெளியே அந்த அம்மா என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. மெலித்தோவுக்கு மைக் இல்லை.

பிள்ளைகளைக் கூட்டிப் போவது எப்படி?

பாய், போர்வை, பிளாஸ்கில் சுக்குமல்லிக் காப்பி. தூங்கினால் தூங்கட்டும். கருமத்தம்பட்டிச் செபமாலை மாதா தேருக்கு முந்தின ராத்திரி வளாகத்தில் படுத்துக்கொண்டு, பெரியவர்கள் பாடுவது பாதித் தூக்கத்தில் காதில் விழுந்ததுதான் எனக்கு ஞாபகம் இருக்கிற முதல் கண்விழிப்பு.

பழைய பிரசங்கத்தை இன்றைக்கு நாங்கள் ஜெபக் கூட்டத்தில் வாசிக்கலாமா?

தாராளமாக. கிறிசோஸ்தோம் பெயரில் வழங்கும் ஈஸ்டர் பிரசங்கம் ஒன்று இருக்கிறது, ஆர்த்தடாக்ஸ் கோயில்களில் இன்றும் வருடம் தவறாமல் ஈஸ்டருக்கு வாசிக்கிறார்கள். முதல் மணியிலிருந்து உழைத்தவர்களும் வாருங்கள், பதினோராம் மணிக்கு வந்தவர்களும் தயங்காமல் வாருங்கள், உபவாசம் இருந்தவர்களும் இல்லாதவர்களும் சந்தோஷப்படுங்கள், பந்தி தயார் என்று போகும். திராட்சத் தோட்டக் கூலிக்காரர் உவமைதான், ஆனால் ஈஸ்டர் ராத்திரியில் கேட்டால் கடைசி பஸ்ஸைப் பிடித்துத் தாமதமாக வந்தவரும் நிமிர்ந்து உட்காருவார்.

போன ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி எங்கள் வீட்டு ஜெபத்தில் படைப்பு, செங்கடல், எசேக்கியேலின் உலர்ந்த எலும்புகள் என்று ஆளுக்கொன்றாக வாசித்துவிட்டு, கடைசியில் இதை நானே தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். அஞ்சே நிமிடம். மாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ‘அவ்வளவுதானா? அந்த எலும்பு வாசகத்த இன்னொருக்கா வாசி, கண்ணு’ என்றார்.